நாக்கில் புற்றுநோய்: கத்தி வைக்காமல் ‘நானோ ஒளி’யில் குணமாகுமா?

வாசகி ஒருவர் அனுப்பிய நீண்ட கடிதம் இது. ஊர், பெயர், மருத்துவமனை விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 56 வயது. காய்கறி மண்டியில் ஏலம் கூறுபவர். இளவயதிலிருந்தே வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம். நாக்கின் இடது ஓரத்தில் ஒரு புண் வந்தது. பல் குத்துகிறது என்று சொல்லிச் சில மாதங்களை ஓட்டிவிட்டார். பயாப்ஸியில், அதாவது திசுவைக் கொஞ்சம் எடுத்துச் செய்யும் சோதனையில், ‘ஸ்குவாமஸ் செல் கார்சினோமா’ என்ற புற்றுநோய் என்று வந்திருக்கிறது. எம்.ஆர்.ஐ.யில் கட்டி 2.4 செ.மீ. நீளம், 7 மி.மீ. ஆழம். கழுத்தில் நெறிக்கட்டி எதுவும் தென்படவில்லை. நாக்கில் அந்தப் பகுதியை எடுத்துவிட்டு, அதே நேரத்தில் கழுத்திலுள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுக்க வேண்டும் என்று அறுவை நிபுணர் சொல்லி, மூன்று வாரம் கழித்துத் தேதியும் கொடுத்திருக்கிறார்.

“நாக்கை வெட்டிவிட்டு நான் எதை வைத்து ஏலம் கூறுவது?” என்று அப்பா மறுத்துவிட்டார். அந்த நேரத்தில்தான் உறவினர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார். ஒளிரும் நானோ துகள்களை (கண்ணுக்கே தெரியாத மிக நுண்ணிய துகள்கள்) ஊசியில் செலுத்தினால் அவை புற்றுநோய் செல்களை மட்டும் தேடிப் பிடித்து மின்னும், பிறகு லேசர் அடித்தால் அந்த செல்கள் மட்டும் அழியும், தையல் கூட இல்லை என்கிறது ஒரு தனியார் மையம். இரண்டு மாதத்தில் மூன்று முறை, மொத்தம் 4,80,000 ரூபாய். முன்பணமாக 50,000 ரூபாயை ஜிபே மூலம் கட்டியும் ஆகிவிட்டது. ரசீது தரவில்லை. “பயாப்ஸி எடுத்தே கட்டியைக் கலைத்துவிட்டார்கள், இனி கத்தி பட்டால் பரவும்” என்று அங்கே சொன்னார்களாம்.

கடிதம் எழுதியவர் வேதியியல் பட்டதாரி. “ஒளிரும் நானோ துகள்களில் ஒரு வகையான குவாண்டம் புள்ளிகளுக்கு 2023-ல் நோபல் பரிசு கொடுத்தார்களே, அப்படியானால் இது நிரூபிக்கப்பட்டதுதானே? முதலில் இதைச் செய்து பார்த்துவிட்டு, சரியாகாவிட்டால் ஆபரேஷனுக்குப் போகலாமா? ஜப்பானில் இந்த சிகிச்சை இருக்கிறது, அங்கே கொண்டு போகலாம் என்கிறான் சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன். அது சரியா? கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா?” இவைதான் அவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகிக்கு,

தேதி நெருங்குவதால் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் அளவுகளை வைத்துப் பார்த்தால், உங்கள் அப்பாவுடையது இரண்டாம் நிலையில் இருக்கும், குணப்படுத்தக்கூடிய நோய். அந்த அறுவை நிபுணர் சொன்னது உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் முறை. அந்தத் தேதியைக் கைவிடாதீர்கள். அந்த மையத்துக்கு மேற்கொண்டு ஒரு ரூபாய் கூடக் கட்டாதீர்கள். ஏன் என்பதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் அப்பாவிடம் நீங்கள்தான் பேச வேண்டியிருக்கும்.

நோபல் பரிசு எதற்குக் கொடுத்தார்கள்?

மௌங்கி பவெண்டி, லூயி புரூஸ், அலெக்ஸி எகிமோவ் ஆகிய மூவருக்கும் 2023-ல் வேதியியல் நோபல் கிடைத்தது உண்மை. குவாண்டம் புள்ளிகளைக் கண்டறிந்ததற்கும் அவற்றை உருவாக்கும் முறைக்கும் கிடைத்த பரிசு அது. ஒரே பொருள், துகளின் அளவை மாற்றினால் நிறம் மாறுகிறது என்பது அழகான அறிவியல்தான். கேட்மியம் செலினைடு துகள் சிறிதானால் நீலம், கொஞ்சம் பெரிதானால் சிவப்பு. இன்றைக்கு அந்த வகைத் துகள்கள் தொலைக்காட்சித் திரைகளில் இருக்கின்றன. ஆய்வகத்தில் செல்களுக்கு நிறமிடவும் பயன்படுகின்றன. ஆனால் மனித உடலுக்குள் செலுத்தும் மருந்தாக அவை வழக்கத்துக்கு வரவில்லை. கேட்மியம் சிறுநீரகத்தில் தங்கி நஞ்சாகும் உலோகம் என்பது வேதியியல் படித்த உங்களுக்குத் தெரிந்ததுதான். நோபல் குழு பரிசு கொடுத்தது ஒரு கண்டுபிடிப்புக்கு. உங்கள் அப்பாவின் நாக்குக்கு அது மருந்தாகுமா என்ற கேள்வியை அவர்கள் எடுத்துக்கொள்ளவே இல்லை.

நானோ மருத்துவம் என்பதே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. நுண்ணிய கொழுப்புக் குமிழிக்குள் அடைத்த டாக்ஸோரூபிசின் என்ற மருந்து 1995 முதல் புற்றுநோய்க்குப் பயன்படுகிறது. ஒளிரும் துகள்களிலும் மனிதர்களிடம் சோதித்தவை உண்டு. ‘கார்னெல் புள்ளிகள்’ என்ற 6–7 நானோமீட்டர் சிலிக்கா துகள்களை நியூயார்க்கில் ஐந்து மெலனோமா (ஒரு வகைத் தோல் புற்றுநோய்) நோயாளிகளுக்குச் செலுத்திப் பார்த்து 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். துகள்கள் சிறுநீரில் வெளியேறின, பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. அந்த ஆய்வு சொன்னது அவ்வளவுதான். ஐந்து பேர், அதுவும் படமெடுப்பதற்கு மட்டும். யாருக்கும் கட்டி குணமாகவில்லை, அதற்காகச் செய்த ஆய்வும் இல்லை அது.

தங்கப் பூச்சுள்ள சிலிக்கா துகள்களைச் செலுத்தி, புராஸ்டேட்டுக்குள் லேசர் இழைகளை நுழைத்துச் சூடேற்றி அழிக்கும் முறையை 16 ஆண்களிடம் சோதித்து 2019-ல் வெளியிட்டார்கள். நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் அந்தத் துகள் ஒளிர்வதே இல்லை, ஒளியை விழுங்கிச் சூடாகிறது. ‘மின்னும், பிறகு கொல்லும்’ என்று அந்த வீடியோவில் சொல்வதைக் கேட்டதும் எனக்கு முதலில் உறுத்தியது இதுதான். ஒரு துகள் உறிஞ்சிய ஆற்றல் ஒளியாக வெளியே போகலாம், வெப்பமாக மாறலாம், அல்லது பக்கத்திலுள்ள ஆக்சிஜனுக்குக் கை மாறி அதை வீரியமுள்ளதாக மாற்றி செல்லைக் கொல்லலாம். ஒரு வழியில் அதிகம் போனால் மற்ற வழிக்குக் குறையும். அதனால் பிரகாசமாக மின்னும் துகள், நன்றாகக் கொல்லும் துகளாக இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. இரண்டையும் ஒரே துகளில் கொண்டுவர ஆய்வாளர்கள் பல அடுக்குத் துகள்களைச் செய்து பார்க்கிறார்கள். இட்டர்பியம், எர்பியம் என்ற உலோகங்கள் சேர்த்த துகள்கள் கண்ணுக்குத் தெரியாத 980 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியை வாங்கிப் பச்சையாகவும் சிவப்பாகவும் திருப்பித் தருகின்றன. அருமையான வேலை. ஆனால் எலிகளில் நடக்கும் வேலை.

‘புற்றுநோய் செல்களை மட்டும் தேடிப் பிடிக்கும்’ என்பதையும் பார்த்துவிடுவோம். பத்து ஆண்டு ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி டொரண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். எலிகளுக்குச் செலுத்திய நானோ துகள்களில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது, இடைநிலை மதிப்பில், 0.7 சதவீதம். ஆயிரத்துக்கு ஏழு! மிச்சத்தில் பெரும்பகுதி கல்லீரலிலும் மண்ணீரலிலும் போய்த் தங்குகிறது. அந்த மையத்தின் பிரசுரத்தில் பச்சையாக மின்னும் எலியின் படத்தில் இதெல்லாம் தெரியாது.

ஒளி எவ்வளவு தூரம் போகும்?

இருட்டறையில் செல்போன் டார்ச்சை உள்ளங்கையில் அழுத்திப் பாருங்கள். விரலிடுக்குகள் சிவப்பாகத் தெரியும், கையின் நடுப்பகுதியில் மங்கிப்போகும். பச்சையும் நீலமும் ரத்தத்திலேயே நின்றுவிடுகின்றன, சிவப்பு மட்டும் கொஞ்சம் தப்பி வருகிறது. ஒளி சிகிச்சையின் எல்லையை நிர்ணயிப்பது இதுதான். சிவப்பு ஒளி திசுவுக்குள் சில மில்லிமீட்டர் வரைதான், மிஞ்சிப்போனால் ஒரு சென்டிமீட்டர் வரைதான் வேலை செய்யும் அளவுக்கு இறங்கும். அகச்சிவப்பு இன்னும் கொஞ்சம் ஆழம் போகும், ஆனால் போகப் போக வலுவிழக்கும். எலியின் உடலே இரண்டு விரல் தடிமன் என்பதால் அங்கே எல்லாம் பிரமாதமாக மின்னுகிறது.

நானோ துகள் எதுவும் இல்லாமலே, மருந்தும் ஒளியும் சேர்ந்த சிகிச்சை முப்பது வருடத்துக்கு மேலாக இருக்கிறது. ஒளி பட்டால் வேலை செய்யும் மருந்தை உடலில் ஏற்றிவிட்டு, நோயுள்ள இடத்தில் ஒளியைக் காட்டுவார்கள். அதன் பெயர் போட்டோடைனமிக் தெரபி. போட்டோஃப்ரின் என்ற மருந்துக்குக் கனடா 1993-லும், உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்காக அமெரிக்கா 1995-லும் அனுமதி கொடுத்தன. டெமோபோர்ஃபின் என்ற இன்னொரு மருந்தை ஐரோப்பிய ஒன்றியம் 2001-ல் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு அனுமதித்தது, அதுவும் மற்ற சிகிச்சைகள் பலிக்காமல் போன, முற்றிய நோய்க்குத்தான். அந்த மருந்தை ஏற்றி நான்கு நாள் கழித்து, 652 நானோமீட்டர் சிவப்பு லேசரை ஒரு இடத்தில் 200 விநாடி காட்டுவார்கள். வேலை அவ்வளவுதான், வெட்டுக்காயம் இல்லை. ஆனால் மருந்து ஏறிய நாளிலிருந்து சுமார் இரண்டு வாரம் வெயில் பக்கம் போகக் கூடாது, படிப்படியாகத்தான் வெளிச்சத்துக்குப் பழக வேண்டும். போட்டோஃப்ரினுக்கு அது குறைந்தது 30 நாள். நம்மூர் வெயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தாலே தோல் கொப்பளிக்கும். உங்களிடம் அந்த மையம் இதைப் பற்றி ஏதாவது சொன்னதா? உங்கள் கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை.

நம் நாட்டிலும் நேர்மையான முயற்சி நடந்திருக்கிறது. அலிகரில் உள்ள ஜவஹர்லால் நேரு மருத்துவக் கல்லூரியில், அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து, ஏ.எல்.ஏ. என்ற மருந்தையும் குறைந்த விலை எல்.இ.டி. விளக்கையும் வைத்து வாய்ப்புற்றுநோய்க்குச் சிகிச்சை செய்து பார்த்தார்கள். மருந்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க ஸ்மார்ட்போன் கேமராவே போதுமாக இருந்தது. முடிவுகள் நன்றாகவே வந்தன. ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்டவை மிகச் சிறிய, 5 மி.மீ.க்கும் குறைவான தடிமனுள்ள புண்கள். உங்கள் அப்பாவின் கட்டி ஆழமே 7 மி.மீ. அதற்கும் கீழே பாதுகாப்புக்காக இன்னும் கொஞ்சம் திசுவைச் சேர்த்து அழிக்க வேண்டும். ஒளி சோர்ந்துபோகும் எல்லையில்தான் அவருடைய நோயின் அடிவேர் இருக்கிறது.

கழுத்தை மறந்த சிகிச்சை

இதுதான் என் முக்கியமான ஆட்சேபணை. மேலே சொன்னதை எல்லாம் நீங்கள் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

நாக்குப் புற்றுநோய் முதலில் போவது கழுத்து நிணநீர் முடிச்சுகளுக்கு. கையால் தடவினாலும் ஸ்கேனில் பார்த்தாலும் ஒன்றும் தெரியாத நோயாளிகளிலும், நூற்றுக்கு சுமார் 30 பேருக்கு உள்ளே நுண்ணிய அளவில் நோய் ஒளிந்திருக்கும். அப்படி எதுவும் தெரியாதவர்களின் கழுத்து முடிச்சுகளை முதலிலேயே எடுத்துவிடுவதா, கட்டி வந்தபிறகு பார்த்துக்கொள்வதா என்று புற்றுநோய் மருத்துவர்களாகிய நாங்கள் ரொம்ப காலம் சண்டை போட்டிருக்கிறோம். அதற்கு விடை தந்தது மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை. 2015-ல் வெளியான அவர்களுடைய ஆய்வில், நாக்கு அறுவையோடு சேர்த்துக் கழுத்தையும் செய்துகொண்டவர்களில் மூன்று ஆண்டு முடிவில் 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். காத்திருந்து பார்த்தவர்களில் 67.5 சதவீதம். நூறு பேரில் பன்னிரண்டு, பதிமூன்று உயிர்கள். உங்கள் அப்பாவைப் போன்ற ஆரம்ப நிலை நோயாளிகளை வைத்து, நம் நாட்டு மருத்துவர்கள் செய்த ஆய்வு அது. இன்று உலகமே அதைப் பின்பற்றுகிறது.

இப்போது அந்த மையத்தின் திட்டத்தைப் பாருங்கள். மூன்று முறையும் லேசர் நாக்கில்தான். தோலுக்கும் தசைக்கும் அடியில், ரத்தக்குழாய்களை ஒட்டிக் கிடக்கும் முடிச்சுகளுக்கு அந்த ஒளி போகப்போவதில்லை. நாக்கில் புண் முழுவதும் மறைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கழுத்தை யார் பார்ப்பது?

“முதலில் இது, பிறகு அது” என்ற யோசனை

இந்த எண்ணம் எல்லோருக்கும் வருவதுதான். ஆபரேஷன் எங்கே போய்விடப்போகிறது என்று தோன்றும். ஆபரேஷன் அங்கேயே இருக்கும், நோய்தான் இருந்த இடத்தில் இருக்காது. புற்றுநோய் அறுவை நான்கு வாரம் தள்ளிப்போனால் இறப்பு அபாயம் 6 முதல் 8 சதவீதம் வரை கூடுகிறது என்று 2020-ல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு காட்டியது. பலரைச் சேர்த்துப் பார்த்த சராசரி இது. மூன்று வாரக் காத்திருப்பு நம் மருத்துவமனைகளில் வழக்கமானது, அதற்காகப் பதற வேண்டாம். இரண்டு மாதம் லேசர், அதற்குப்பின் புண் ஆற ஒரு மாதம், மறுபடி ஸ்கேன், மறுபடி தேதி என்று போனால் கணக்கு வேறு. கட்டியின் ஆழம் 10 மி.மீ.யைத் தாண்டினால் நோய் மூன்றாம் நிலைக்குப் போய்விடும். அப்போது நாக்கில் இன்னும் அதிகம் எடுக்க வேண்டும், பெரும்பாலும் கதிர்வீச்சும் சேரும். பேச்சைக் காப்பாற்றத்தான் அப்பா ஆபரேஷனைத் தவிர்க்கிறார். தள்ளிப்போட்டால் முதலில் போவதே பேச்சுதான். அதோடு லேசர் பட்ட இடத்தில் தழும்பு விழுந்துவிட்டால், எது நோய், எது தழும்பு என்று அறுவை நிபுணருக்கு எல்லை தெரியாது.

பயாப்ஸி எடுத்ததால் பரவும் என்பதை நம்ப வேண்டாம். வாயில் பயாப்ஸி எடுக்காமல் எந்த நாட்டிலும் யாரும் இந்த நோய்க்குச் சிகிச்சை தொடங்குவதில்லை. அதைக் குறை சொல்லும் இடம், தன்னுடைய லேசரை எதை நம்பி அடிக்கப்போகிறது என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம்.

ஜப்பான் பற்றி அண்ணன் சொல்வது

அவர் சொல்வதில் பாதி சரி. 2020 செப்டம்பரில் ஜப்பான் ஒரு ஒளி சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தது. செடுக்சிமாப் என்ற எதிர்ப்புரதத்தோடு (ஆன்டிபாடி) ஒளியை உறிஞ்சும் சாயத்தைக் கட்டி, மறுநாள் 690 நானோமீட்டர் ஒளியைக் காட்டுவார்கள். ஹிசடாகா கோபயாஷி என்ற ஜப்பானிய மருத்துவர் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் இருந்தபடி உருவாக்கிய முறை. அதில் நானோ துகள் கிடையாது. அறுவை செய்ய முடியாத நிலையில் உள்ள, அல்லது சிகிச்சைக்குப்பின் திரும்பி வந்த தலை, கழுத்துப் புற்றுநோய்க்குத்தான் அங்கே அனுமதி. உங்கள் அப்பாவுக்கு அறுவை செய்ய முடியும். அதனால் அந்த வரிசையில் அவர் நிற்க வேண்டியதில்லை. அண்ணன் விமான டிக்கெட்டுக்கு வைத்திருக்கும் பணத்தை ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் அப்பாவோடு இருக்கச் செலவழிக்கட்டும்.

உண்மையில் இப்போதைய அறுவை அரங்குகளிலேயே ஒளி வந்துவிட்டது. இண்டோசயனின் கிரீன் என்ற பச்சைச் சாயம் 1959 முதல் புழக்கத்தில் உள்ளது. அகச்சிவப்புக் கேமராவில் அது ஒளிரும். ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா, நோய் பரவினால் முதலில் போய்ச் சேரும் நிணநீர் முடிச்சு எது என்று பார்க்க உதவும். உங்கள் மருத்துவமனையில் அந்தக் கேமரா இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். வெட்டிய ஓரத்தில் நோய் இல்லை என்பதை அறுவை நடக்கும்போதே ‘ஃப்ரோசன் செக்‌ஷன்’ மூலம் நுண்ணோக்கியில் பார்ப்பார்களா என்று கேளுங்கள். எனக்கு அந்த வசதி கேமராவை விட முக்கியம்.

அது ஆராய்ச்சி என்று சொன்னால்

நீங்கள் பணம் திருப்பிக் கேட்கும்போது, “இது புது ஆராய்ச்சி, அதனால்தான் மற்றவர்களுக்குத் தெரியவில்லை” என்று சொல்லக்கூடும். சரி, ஆராய்ச்சி என்றால் அதற்குச் சட்டம் இருக்கிறது. புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள், 2019 அதற்காகவே வந்தவை. மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்.

ஒன்று, மத்திய மருந்துத் தரக்கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதிக் கடிதமும், பதிவு பெற்ற நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும்.

இரண்டு, இந்திய மருத்துவப் பரிசோதனைகள் பதிவேட்டின் எண். ‘சி.டி.ஆர்.ஐ.’ என்று தொடங்கும், அடுத்து ஆண்டும் மாதமும் இருக்கும். இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். எந்த நோய்க்கு, எந்த நிலையில் உள்ளவர்களுக்கு, எந்த மருத்துவமனையில் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

மூன்று, துகளின் பெயர், அது எதனால் ஆனது, உடலிலிருந்து எப்படி வெளியேறும், பாதிப்பு வந்தால் யார் பொறுப்பு.

இவை எல்லாம் இருந்தால் அவர்கள் உங்களிடம் பணமே கேட்டிருக்க முடியாது. ஆராய்ச்சிக்கான செலவை அதில் பங்கேற்பவர் தலையில் கட்டக்கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் சொல்கின்றன. ஆராய்ச்சியால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் தர வேண்டும். 4,80,000 ரூபாய் வாங்கிக்கொண்டு செய்வது ஆராய்ச்சியும் ஆகாது, அனுமதி பெற்ற சிகிச்சையும் ஆகாது. ஒப்புதல் படிவத்தில் உங்கள் அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டால் அனுமதி இல்லாத மருந்து சட்டப்படி சரியாகிவிடாது. எந்தத் தாளிலும் அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்று நம்புகிறேன்.

கட்டிய 50,000 ரூபாய்

நான் வக்கீல் இல்லை. என் நோயாளிகளின் குடும்பங்கள் செய்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ரசீது இல்லை என்று சோர்ந்துவிடாதீர்கள், ஜிபே பதிவே ஆதாரம்தான். வீடியோ, பிரசுரம், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் அழிக்காமல் எடுத்து வையுங்கள். சிகிச்சை வேண்டாம், பணத்தைத் திருப்பித் தரவும் என்று பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். பெரும்பாலும் அந்தக் கடிதத்திலேயே பேச்சு வார்த்தைக்கு வருவார்கள். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. பெண் என்பதால் வருமான வரம்பு பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் உங்களுக்கு இலவச வக்கீல் கிடைப்பார்.

புற்றுநோயைக் குணப்படுத்துவதாக மருந்தை விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டின் ஆட்சேபகரமான விளம்பரங்கள் சட்டப்படி குற்றம். மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்குப் புகார் எழுதலாம். ஆனால் இதெல்லாம் ஆபரேஷனுக்குப் பிறகு செய்தாலும் போதும், நுகர்வோர் வழக்குக்கு இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. இப்போது உங்கள் ஓட்டம் அந்தப் பணத்தின் பின்னால் போக வேண்டாம்.

செலவு பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும், புற்றுநோய் அறுவை அதில் வரும்.

அப்பாவிடம் என்ன பேசுவது?

ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. அவருக்குப் பதிலாக நீங்களோ அண்ணனோ கையெழுத்துப் போட முடியாது, போடவும் கூடாது. ஆனால் எதை மறுக்கிறோம் என்று தெரிந்து மறுக்க வேண்டும். ‘நாக்கை வெட்டுவது’ என்றால் அவர் மனதில் முழு நாக்கும் போய்விடும் என்ற படம் இருக்கிறது என்று நினைக்கிறேன். இந்த அளவு கட்டிக்கு, சுற்றிலும் சுமார் ஒரு சென்டிமீட்டர் நல்ல திசு சேர்த்து எடுப்பார்கள். வெளியே தெரியும் நாக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அப்படியே தைத்துவிடலாம், அல்லது மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து தோல் எடுத்து நிரப்பலாம்.

பேச்சு மாறாது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். முதல் சில வாரம் குழறும். நாக்கு மடங்கி மேலே போக வேண்டிய எழுத்துகள், ட, ள, ழ, ற போன்றவை, அதிகம் அடிபடும். பேச்சுப் பயிற்சியாளரோடு உட்கார்ந்தால் மாதங்களில் நன்றாகத் தேறும். என்னிடம் வந்தவர்களில் வகுப்பறைக்குத் திரும்பிய ஆசிரியர்கள் உண்டு. குரல் பிறப்பது குரல்வளையில், அதை யாரும் தொடப்போவதில்லை. மண்டியில் அவருக்கு வேண்டிய சத்தம் அப்படியே இருக்கும். விலையும் எடையும் சொல்லும் வார்த்தைகளுக்குத்தான் பயிற்சி தேவைப்படும். ஏலத்தில் அவர் என்னென்ன சொல்வார் என்று எழுதிக் கொண்டுபோய், ஆபரேஷனுக்கு முன்பே பேச்சுப் பயிற்சியாளரைப் பார்க்கச் சொல்லுங்கள். அறுவை நிபுணரிடம் இன்னொரு முறை நேரம் கேட்டு, அப்பாவையே கேள்வி கேட்க விடுங்கள். இதே ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவரிடம், அவர் சம்மதித்தால், பேசவைக்க முடியுமா என்றும் கேளுங்கள். டாக்டர் பத்து முறை சொல்வதை விட அந்த ஐந்து நிமிடம் வேலை செய்யும்.

எல்லாம் கேட்ட பிறகும் கத்தி வேண்டவே வேண்டாம் என்றால், லேசருக்குப் போகாமல் கதிர்வீச்சு நிபுணரிடம் போங்கள். நாக்குக் கட்டிக்குள் மெல்லிய குழாய்களைச் செருகி உள்ளிருந்தே கதிர் கொடுக்கும் பிராக்கிதெரபி சில பெரிய மையங்களில் உண்டு. ஆரம்ப நிலைக்கு நல்ல பலன் தரும், நாக்கு முழுதாக இருக்கும். தாடை எலும்பு பாதிக்கும் அபாயம் உண்டு, கழுத்துக்குத் தனியாக ஏதாவது செய்தே ஆக வேண்டும். என் முதல் தேர்வு அறுவைதான். ஆனால் அந்த மையம் சொல்வதோடு ஒப்பிட்டால் பிராக்கிதெரபி பல மடங்கு மேல்.

சந்தேகம் தீராவிட்டால் இரண்டாவது கருத்து கேளுங்கள். அடையாறு புற்றுநோய் நிறுவனம், காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அரசு அண்ணா புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி. என்று இடங்கள் இருக்கின்றன. மருத்துவப் பதிவுகளைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. பயாப்ஸி பிளாக் (மெழுகில் பதித்த திசு), ஸ்லைடு, எம்.ஆர்.ஐ. படங்கள் உள்ள குறுந்தட்டு மூன்றையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், அறிக்கைத் தாள் மட்டும் போதாது. கொடுத்த தேதியை ரத்து செய்யாமலே இதைச் செய்யலாம். இந்த வாரத்திலேயே பல் மருத்துவரிடம் காட்டி, உடைந்த, ஆடும் பற்களுக்கு ஒரு வழி செய்துகொள்ளுங்கள். பின்னால் கதிர்வீச்சு தேவைப்பட்டால் அப்போது பல் பிடுங்குவது சிக்கல். புகையிலையை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் அறுவை நிபுணரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள், நிறுத்துவதற்கு மருந்து இருக்கிறது.